பதினோராம் எண் படகு அசையாமல் நின்ற பருவம்

மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பாலிக்சி ஏரிக்கரைப் பாய்மரப் படகுக் கழகத்தின் பதினோராம் எண் படகு, முழுப் பாயையும் விரித்துக்கொண்டு, நல்ல உலான் காற்றில், நங்கூரம் ஏதும் போடாமல், கரையிலிருந்து இருநூறு அடி தள்ளி நாற்பது நிமிடம் அசையாமல் நின்றது. பாய் புடைத்திருந்தது. கயிறுகள் விறைத்திருந்தன. மேற்கே மலைக் கணவாயிலிருந்து இறங்கும் உலான், லாரியின் தார்ப்பாயைப் பிய்த்து ஏரிக்குள் வீசிவிடக்கூடிய காற்று. அன்று அது துறையிலிருந்து இரண்டு நாற்காலிகளையும் கழகச் செயலாளரின் தொப்பியையும் கொண்டுபோனது. எட்டடி நீளமுள்ள, மூக்கு மழுங்கிய அந்தப் பிள்ளைப் படகை மட்டும் அதனால் ஒரு சாண் நகர்த்த முடியவில்லை. துறையில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். புகையில் வாட்டிய மீன் வாங்க வந்த போலீஸ்காரர் ஒருவரும் அதில் சேர்த்தி. அவர் சற்று நேரம் நின்று பார்த்தார், இதில் குற்றம் எதுவும் இல்லை என்று சொன்னார், மீனை வாங்கிக்கொண்டு போனார்.

படகில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பெர்மெத். ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்க்கும் தாலய்க்கும், கழகத்துச் சமையல்கட்டில் தேநீர் வைத்து, போர்சோக் என்னும் மாவு உருண்டைகளைப் பொரிக்கும் கலிச்சாவுக்கும் ஒரே மகள். பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே அவள் கால்கள் அவள் பேச்சைக் கேட்டதில்லை. அதற்கும் சேர்த்து வாயும் கைகளும் வேலை செய்தன. ஏப்ரலில் பயிற்சியாளர் ரயீசா டீச்சர் பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயரையும் எழுதியபோது கலிச்சா வேண்டாம் என்றாள். டீச்சர் சொன்ன பதில் அன்று மாலைக்குள் சந்தை வரைக்கும் போய்விட்டது. "படகுல எல்லாரும் உக்காந்துதான் ஓட்டறாங்க. இவ ஒருத்தி மட்டும் எதுக்குக் கரையில உக்காரணும்?" பெர்மெத் பயிற்சிக்கு வந்தாள். மிதவைச் சட்டை மாட்டி, படகைக் கவிழ்த்து நிமிர்த்தும் சோதனையை மூன்று தடவை செய்து காட்டினாள். முடிச்சுகள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். குளிர்ந்த தண்ணீரில் நனைந்து நீலம் பாரித்த உதட்டோடு சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் அந்த ஞாயிறு வந்தது, படகைத் தனியாக அவள் கையில் கொடுத்தார்கள், படகு நின்றுவிட்டது.

முதலில் எல்லோரும் பாசி என்றார்கள். கழகத் தலைவர் சாத்தார், ஏரியில் சரக்குக் கப்பல்கள் ஓடிய காலத்தில் இழுவைப் படகுக் கேப்டனாக இருந்தவர், அறுபத்தெட்டு வயதில் உள்ளாடையோடு குதித்து அடியில் தடவிப் பார்த்தார். பாசி இல்லை, மணல்திட்டு இல்லை, பழைய வலையும் இல்லை. படகை மாற்றினார்கள். பெர்மெத் ஏறிய மூன்றாம் எண் படகும் நின்றது, அவள் இறங்கிய பதினோராம் எண் படகு வேறொரு பிள்ளையோடு பறந்தது. அடுத்து டீச்சரே அவளோடு ஏறிச் சுக்கானைப் பிடித்தார். படகு ஒழுங்காகப் போனது. பாதி வழியில் சுக்கானை அவள் கையில் கொடுத்ததும், நடுச்சந்தையில் கழுதை நிற்பதைப் போல நின்றது. அப்போதுதான் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. தாலய் மகளுக்காகச் செய்து கொடுத்திருந்த சக்கர நாற்காலி, யாராவது தள்ளினால் ஓடும். அவளே கையால் சக்கரத்தைச் சுற்றினால் நகராது. தெருவில் கல்லும் மேடும் அதிகம் என்று இத்தனை வருடமாகத் தெருவின் மேல் பழி போட்டிருந்தார்கள். அவளை யாரும் தூக்கிப் போகலாம், தள்ளிப் போகலாம், ரயிலில் ஏற்றலாம். அவளாகப் போவது மட்டும் நடக்கவில்லை. இது தெரிந்த பிறகு ஊர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. காரணம் தெரியாத விஷயம் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கலிச்சாவுக்குக் காரணம் தெரியும். படகு நின்ற முதல் நிமிடத்திலேயே, சமையல்கட்டு ஜன்னலில் கரண்டியும் கையுமாக நின்றபடி அவள் தெரிந்துகொண்டாள். எண்ணெயில் இருந்த போர்சோக் கருகிப் போனது. கருகியதை அன்று யாரும் குறை சொல்லவில்லை, எல்லோரும் துறையில் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை நடக்கத் தொடங்கும் வயதில் அதன் இரண்டு கணுக்கால்களையும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளி நூலால் கட்டுவார்கள். தெருக்கோடியிலிருந்து ஆட்கள் வெறுங்காலோடு ஓடிவருவார்கள். முதலில் வந்தவர் கையில் கத்தியைக் கொடுப்பார்கள், அவர் நூலை அறுப்பார். அதற்குப் பிறகு பிள்ளை வாழ்க்கையில் தடுக்கி விழாமல் போகும். அறுத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால், ஓட வருகிறவர்களைப் பெற்றவர்கள் கொஞ்சம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். பெர்மெத்துக்கு இரண்டு வயது முடிந்தும் அவள் எழுந்து நிற்கவில்லை. நூலைக் கட்டினாலாவது கால்கள் ரோஷப்பட்டு எழுந்து நிற்கும் என்று கலிச்சா நம்பினாள். ஆடு அறுத்து, நாற்பது பேரைக் கூப்பிட்டாள். ஓடுகிறவர்கள் தெருக்கோடியில் வரிசையாக நின்றார்கள். நாத்தனார் நூலைக் கட்டி, பிள்ளையை அக்குளில் பிடித்து நிறுத்தினாள். முழங்கால் இரண்டும் மடிந்தன. மறுபடி நிறுத்தினாள், மறுபடி மடிந்தன. வந்தவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அந்த மரியாதையைத்தான் கலிச்சாவால் தாங்க முடியவில்லை. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, "அறுத்தாச்சு, எல்லாரும் சாப்பிட வாங்க" என்றாள். யார் அறுத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவள் அறுக்கவில்லை. நடக்காத பிள்ளைக்கு அறுத்தால் ஆசி வீணாகிவிடும், இவள் என்றைக்கு நிற்கிறாளோ அன்றைக்கு மறுபடி கட்டி அறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, நகத்தாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தாள். அந்த நூலை அவிழ்க்கவே கூடாது, அறுக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும், ரயில்வே அதிகாரிக்கும் தெரியும். கலிச்சாவுக்கும் தெரியும். ஆனாலும் அவிழ்த்தாள். நூலைத் துணியில் சுற்றி, மெத்தைகள் அடுக்கும் பெட்டிக்குள் கீழே வைத்தாள். தாலயிடம்கூடச் சொல்லவில்லை. முதல் வருடம் வெட்கத்தால் சொல்லவில்லை, அடுத்த வருடம் பயத்தால், அதன்பின் சொல்லாமலிருந்ததையே எப்படிச் சொல்வது என்று தெரியாததால்.

மே மாதக் கடைசியில் சாத்தார் ஒரு யோசனை சொன்னார். பந்தயத்தில் படகுகள் சுற்றித் திரும்புவதற்காகப் போட்டிருந்த பழைய தகர மிதவையை உலான் ஒவ்வொரு வாரமும் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. போன பருவத்தில் அது பந்தயத்துக்கு நடுவிலேயே கிளம்பி, முன்னணியில் இருந்த நான்கு படகுகளைத் தன் பின்னாலேயே அரை மைல் கூட்டிக்கொண்டு போயிருந்தது. எந்தக் காற்றுக்கும் அசையாத ஒரு படகு கழகத்தில் இருக்கும்போது மிதவை எதற்கு என்றார் சாத்தார். சொல்லிவிட்டு, தான் சொன்னதை நினைத்து அவருக்கே கூசியது. தாலய் எழுந்து வெளியே போகப் பார்த்தான். பெர்மெத் முந்திக்கொண்டாள்.

"நிக்கிறதுதானே வேலை? அது எனக்கு நல்லா வரும், தாத்தா."

அன்றிலிருந்து பருவம் முழுக்க, ஞாயிறு பந்தயத்திலும் செவ்வாய் வியாழன் பிள்ளைகள் பயிற்சியிலும், பதினோராம் எண் படகுதான் திருப்பு மிதவை. காலையில் மோட்டார்ப் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போய் விடுவார்கள், சுக்கானை அவள் பிடித்ததும் நின்றுகொள்ளும். மற்ற படகுகள் அவளைச் சுற்றித் திரும்பும். தகர மிதவைக்கும் இவளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, இவள் பேசுவாள். யார் எப்போது தன் மேல் உரசினார்கள், யார் வழிவிட வேண்டியவர், யார் பாயை இழுக்க மறந்தார்கள் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள். "எல்தியார், உரசிட்டே. ஒரு சுத்து சுத்திட்டுப் போ. அந்தப் பக்கம் பாக்காத, உன்னைத்தான் சொல்றேன்." எல்தியார் கழகத்தின் கெட்டிக்காரப் பையன், தோற்பதும் பிடிக்காது, தண்டனையாகச் சுற்றுவதும் பிடிக்காது. முதல் வாரம் முறைத்தான், இரண்டாம் வாரம் சுற்றினான், மூன்றாம் வாரம் உரசுவதை விட்டான். தலைக்கு மேல் அடிக்கும் பாய்த்தடியில் மண்டை உடைபடுவது ஜூன் மாதத்தோடு நின்றுபோனது. அக்கரைக் கழகத்திலிருந்து நட்புப் பந்தயத்துக்கு வந்தவர்கள், மிதவை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்கிறது என்று எழுத்தில் புகார் கொடுத்தார்கள். விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். மிதவை பேசக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அடுத்த பந்தயத்தில் அவள் அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னாள், புகார் கொடுத்தவரே அவளுக்கு ஒரு பை உலர்ந்த ஆப்ரிகாட் பழம் அனுப்பினார்.

ஊருக்கே அவள் மேல் நன்றி இருந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் கலிச்சாவிடம் வந்து, உன் மகளால்தான் என் பையன் பிழைத்தான், உன் மகளால்தான் என் பெண் காற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெண்ணெய் கொண்டுவந்தார்கள், புளித்த குதிரைப் பாலான குமிஸ் கொண்டுவந்தார்கள். கலிச்சா ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தாள். மகள் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறாள், ஊருக்கும் உபயோகமாகத்தானே இருக்கிறாள், பத்து வருடம் மூடிக் கிடந்ததை இப்போது எதற்குத் திறக்க வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் ஜூலை இருபதாம் தேதிவரை தாக்குப்பிடித்தது.

அன்று செப்டம்பரில் நடக்கும் ஏரிக் கோப்பைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு எண் வாங்கினார்கள். கலிச்சா மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பெர்மெத் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. நூத்திப் பதினாலு தடவை எல்தியார் என்னைச் சுத்திட்டுப் போயிருக்கான். ஒவ்வொரு தடவையும் அவன் எங்க தப்பு பண்றான்னு எனக்குத் தெரியும். அங்க நான் என்ன பண்ணியிருப்பேன்னும் தெரியும்." துண்டை முகத்திலிருந்து விலக்கினாள். "தகர மிதவைக்கு வயசாகாதும்மா. எனக்கு ஆகுது."

கலிச்சா துவட்டிய துண்டை நாற்காலியில் போட்டாள். அடுப்பை அணைத்தாள். தேநீருக்காக எல்லோரும் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த இடத்துக்கு மகளின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், மேசையின் ஒரு முனையில் நின்று, நூலைக் கட்டியதிலிருந்து அவிழ்த்தது வரை அத்தனையையும் சொன்னாள். அழவில்லை. கணக்கு ஒப்புவிப்பதுபோல் சொன்னாள், ஆட்டின் நிறம் உட்பட. சொல்லி முடித்ததும் யாராவது கிண்ணத்தைத் தூக்கி எறிவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் எறியவில்லை. தாலய் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"பத்து வருஷமா அந்தப் பெட்டிமேல சாஞ்சுதான் டீ குடிக்கிறேன்," என்றான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சேந்து பயந்திருப்பேன்ல."

அதைக் கேட்டுத்தான் கலிச்சாவுக்கு அழுகை வந்தது. பெர்மெத் அம்மாவின் கையை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்ன முடிச்சும்மா போட்டிருந்தாங்க?"

"தெரியலடி. உங்க அத்தை போட்டது. சின்ன முடிச்சு."

"அவுக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

"ரொம்ப."

"கம்பளி நூல் இறுகினா அப்படித்தான்," என்றாள் பெர்மெத். மன்னிப்பு என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

சாத்தார், அப்படியானால் வேலை சுலபம் என்றார். நூல் இருக்கிறது, கத்தி இருக்கிறது, ஓடி வர ஆள் இல்லை என்றாலும் ஓட்டி வர ஆள் இருக்கிறது. ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு, கழகத்தில் உள்ள எல்லாப் படகுகளும், பெரியது சிறியது பார்க்காமல், துறையிலிருந்து கிளம்ப வேண்டும். பதினோராம் எண் படகை முதலில் எட்டுகிறவர் நூலை அறுப்பார். ரயீசா டீச்சர், தண்ணீருக்கு நடுவில் பிள்ளையின் காலைக் கட்டுவதைத் தன் இருபத்தாறு வருட அனுபவத்தில் கேள்விப்பட்டதில்லை என்று சொல்லி, இரண்டு மிதவைச் சட்டைகள் போட்டால்தான் சம்மதம் என்றார். இரண்டு போடுவதாக எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த மூன்று வாரம் ஊரில் வேறு பேச்சு இல்லை. அறுக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால், கழகத்தில் இருந்த ஒவ்வொருவரையும் ஊர் முதன்முறையாக உற்றுப் பார்த்தது. எல்தியார் வந்தால் ஜெயிப்பாள், ஆனால் நடுவரோடு சண்டை போடுவாள். சாத்தார் வந்தால் நிதானம் வரும், கூடவே உள்ளாடையோடு குதிக்கும் பழக்கமும் வரும். பல் மருத்துவர் வந்தால் சுத்தமாக இருப்பாள், ஒருவரும் பக்கத்தில் வரமாட்டார்கள். தங்களைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பது பலருக்கும் அந்த வாரங்களில்தான் தெரியவந்தது. இரண்டு பேர் புகையிலையை விட்டார்கள், ஒருவர் அண்ணனோடு சமாதானம் ஆனார். கலிச்சா மனதுக்குள் ரயீசா டீச்சருக்காக வேண்டிக்கொண்டாள். தாலய் யாருக்காக வேண்டிக்கொண்டான் என்று சொல்லவில்லை, எல்தியாரின் படகுக்கு அடியில் அவன் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தார்கள்.

குபாத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குபாத், பாலிக்சியிலிருந்து கராகோலுக்கு மினிபஸ் ஓட்டுகிறவன், முதுகு வலிக்கு நல்லது என்று மருத்துவர் சொல்லிக் கழகத்தில் சேர்ந்தவன். நான்கு பருவமாக எல்லாப் பந்தயத்திலும் கடைசி. பஸ்ஸில் எப்படியோ படகிலும் அப்படியே. யாராவது பின்தங்கினால் நின்றுவிடுவான். துடுப்பை நழுவவிட்டவருக்குத் துடுப்பை எடுத்துக் கொடுப்பான், கவிழ்ந்த பிள்ளை நிமிரும்வரை பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பான், பறந்த தொப்பிகளைப் பொறுக்குவான். பரிசு கொடுத்து, கொடி இறக்கி, மேசை துடைத்த பிறகு வந்து சேருவான். அவனுக்காக ஒரு கெட்டில் தேநீரைச் சூடாக வைத்திருப்பது கலிச்சாவின் வழக்கம். பாதியில் பந்தயத்தை விட்டுக் குறுக்கே கரைக்கு வந்தான் என்று ஒரு நாள்கூடக் கிடையாது.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு காலை உலான் சீராக அடித்தது. பெர்மெத்தின் படகைக் கிழக்கே அரை மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். சாத்தாரின் மோட்டார்ப் படகு பக்கத்தில் நின்றது. கலிச்சா அதிலிருந்து குனிந்து, பெட்டியில் இருந்த அதே நூலால் மகளின் இரண்டு கணுக்கால்களையும் கட்டினாள். பத்து வருடத்தில் நூலில் பூச்சி அரிக்கவில்லை, நிறம் போகவில்லை. கால்கள் வளர்ந்திருந்ததால் ஒரு சுற்றுக்குத்தான் போதுமானதாக இருந்தது. "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டாள். "எப்பவும் போலத்தான்," என்றாள் பெர்மெத். அந்தப் பதில் கலிச்சாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

இருபத்து நான்கு படகுகள் கிளம்பின. எல்தியார் முன்னால் வந்தான், பின்னாலேயே ரயீசா டீச்சரும் பல் மருத்துவரும். கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் கழகச் செயலாளரின் புதுத் தொப்பி பறந்து வடகிழக்கே போனது. குபாத் வழக்கம்போல் வரிசையை விட்டு விலகி அதன் பின்னால் போனான். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தொப்பி நல்ல தொப்பியாக இருந்ததால் மூழ்காமல் மிதந்து மிதந்து போனது, குபாத்தும் என்றுமில்லாத வேகத்தில் போனான், வெகுதூரம் போய், எட்டத்திலேயே பெர்மெத்தையும் தாண்டி, கிழக்கே எங்கோ ஒரு புள்ளியானான். எல்தியாருக்கு இன்னும் முந்நூறு அடிதான் இருந்தது. அப்போது உலான் நின்றது. கதவைச் சாத்தியதுபோல் நின்றது. இருபத்து மூன்று பாய்களும் தொங்கின. எல்தியார் கையாலேயே தண்ணீரைத் தள்ளிப் பார்த்தான், டீச்சர் விசிலடித்து அதை நிறுத்தினார். கால் மணி நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, மாலையில் மட்டுமே வருகிற சாந்தாஷ் காற்று, பகல் பதினொரு மணிக்கு, ஒரே ஒரு படகின் அகலத்துக்கு, கிழக்கேயிருந்து வந்தது. வந்த வழியில் குபாத் இருந்தான். தலையில் செயலாளரின் ஈரத் தொப்பியோடு, நடப்பது புரியாமல், நேராகப் பெர்மெத்தின் படகில் வந்து இடித்து நின்றான்.

"தெரியாம வந்துட்டேன், கலிச்சாக்கா," என்றான். "இது கணக்குல சேராது. எல்தியாரு வரட்டும். டீச்சர் வரட்டும். என் குணம் எதுக்கு இந்தப் புள்ளைக்கு? நான் கடைசில வர்றவன்."

சாத்தார் கத்தியை நீட்டியபடி கலிச்சாவைப் பார்த்தார். கலிச்சா குபாத்தைப் பார்த்தாள். நான்கு பருவமாக ஜன்னலில் நின்று அவனுக்காகக் காத்திருந்ததை நினைத்தாள். எத்தனை மணி ஆனாலும், யார் யாரையெல்லாம் கரை சேர்த்துவிட்டு வந்தாலும், வராமல் இருந்ததில்லை. இதைவிட நல்ல குணம் ஒன்றை ஒரு தாய் எங்கே போய்க் கேட்பாள் என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் அந்தக் காற்றுக்கும் தொப்பிக்கும் செயலாளரின் வழுக்கைத் தலைக்கும்கூட நன்றி சொன்னாள்.

"கத்தியை வாங்கு, தம்பி," என்றாள்.

"மாமா, சீக்கிரம் அறுங்க," என்றாள் பெர்மெத். "காத்து போயிடும்."

நூல் அறுந்த பின் வந்த வருடங்களை இங்கேயே சொல்லிவிடலாம். பெர்மெத்தின் கால்கள் நடக்கவில்லை. அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சக்கர நாற்காலி மறுநாளே அவள் கைக்கு ஓடியது, அந்த வாரத்தில் சந்தையில் ஒரு முட்டைக்காரர் நஷ்டப்பட்டார். செப்டம்பரில் ஏரிக் கோப்பையில் முப்பத்தோரு படகுகளில் முப்பத்தொன்றாவதாக வந்தாள், கவிழ்ந்த இரண்டு பிள்ளைகளைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு. அதற்கடுத்த ஆறு பருவங்களிலும் கடைசிதான். காற்றைக் கழகத்தில் அவளைவிட நன்றாகப் படித்தவர் கிடையாது, ஆனாலும் கடைசிதான், யாராவது ஒருவர் வழியில் எதையாவது நழுவவிட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்று பாலிக்சித் துறையில் மீட்புப் படகு அவள் பொறுப்பில் இருக்கிறது. ஏரிக்குள் போனவர்களில் அவள் கொண்டுவந்து சேர்க்காதவர் ஒருவரும் இல்லை. குபாத்துக்கு இப்போது கடைசி இடத்துக்குப் போட்டி இருக்கிறது என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். குபாத் குனிந்து நூலில் கத்தியை வைத்தான். நூல் அறுந்த சத்தம் துறையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. பதினோராம் எண் படகு, நூற்றுக்கணக்கான மணி நேரம் தேக்கி வைத்திருந்த காற்றை எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டதுபோல், கிளம்பிவிட்டது. கத்தி குபாத்தின் கையிலேயே இருந்தது. டீச்சரின் விசிலைத் தாண்டி, அசையாமல் கிடந்த எல்தியாரைத் தாண்டி, இருபத்து மூன்று படகுகளுக்கும் நடுவில் வழி கேட்டு, வழி சொல்லி, ஒன்றின் மேலும் உரசாமல் போனது. பெர்மெத் சுக்கானை இடது கையில் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மகளின் முகத்தைக் கலிச்சா பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவந்திருந்தாள். தூக்கும்போது, குளிப்பாட்டும்போது, படியில் இறக்கும்போது, ஏரிக்கு நடுவில் மிதவையாக நின்றபோதும், எப்போதும் அந்த முகம் இவளைப் பார்த்துத்தான் இருக்கும். அவளுடைய முதுகை, அது தானாகத் தூரப் போய்ச் சிறிதாவதை, கலிச்சா அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். இரண்டு மிதவைச் சட்டைகளுக்கு மேலே பின்னல் ஒன்று காற்றில் ஆடியது. பின்னலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போட்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

"ரொம்பத் தூரம் போறா," என்றபடி சாத்தார் மோட்டாரின் மேல் கையை வைத்தார். "போய்க் கூப்பிடவா?"

"வேணாம்ண்ணே," என்றாள் கலிச்சா. "கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."